நிலைய அதிபரின் மகள் எழுதிய கடிதங்கள்

வத்தேகமையில் மழை பிடித்துக்கொண்டால் மாலை நான்கு மணிக்கே விளக்கேற்ற வேண்டியதுதான். மலைப்பக்கமிருந்து மூடுபனி இறங்கிவந்து கடைத்தெருவை மறைத்துவிடும். வீட்டிலிருப்போர் வெளியிற் போகார், வெளியிலிருப்போர் வீடு வந்து சேரார். சென்ற பாடசாலை விடுமுறையில் அத்தகையதோர் அந்தியிலே, என் தங்கையின் பேத்திகள் இருவர் என்னை நடுவில் இருத்திக்கொண்டு, "அம்மாயி, ஒரு சிரிப்புப் படம் பார்ப்போம்" என்றனர். மூத்தவள் உயர்தரம் பயில்கின்றாள். இளையவள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றாள். படம் ஆங்கிலப் படம். பாதிக்கதை நடக்கையில், அவர்தம் தாயார் ரொட்டி தட்டிய கையோடு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். திரையிலே ஒரு மாணவி மற்றொரு மாணவியை நினைந்து பெருமூச்செறிந்துகொண்டிருந்தாள். கதை இன்னதென்று விளங்கியதும் அவள் முகம் மாறிற்று.

"இதெல்லாம் பிள்ளைங்க பார்க்கக்கூடியதா பெரியம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

நாற்பதாண்டுக்காலம் பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தவள் என்ற உரிமையில் என்னைத்தான் கேட்டாள். "ரொட்டி கருகுது, போய்ப் பார்" என்றேன். அன்றைக்கு அதுவே என் விடையாயிற்று. அஃது ஒரு விடையன்று என்பதை நேயர்கள் அறிவர். ஆதலால் இவ்வாரம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கின்றேன்.

படத்தின் பெயர் 'தி ஹாஃப் ஆஃப் இட்'. 'அதிற் பாதி' எனலாம். அலிஸ் வூ என்னும் அம்மையார் எழுதி இயக்கியது. அவர் சீனக் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்கர். திரைத்துறைக்கு வருமுன் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றியவர். 2004ஆம் ஆண்டில் ஒரு படம் எடுத்தார். பின்னர் நெடுங்காலம் மௌனமாயிருந்து, 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்பிளிக்ஸ் வாயிலாக இதனை வெளியிட்டார். உலகமே கதவடைத்துக் கிடந்த கொரோனாக் காலம் அது. அதனால் இப்படத்தைப் பெரும்பாலோர் வீட்டுக் கூடத்தில், குடும்பத்தார் நடுவிலிருந்தே கண்டிருப்பர். எங்கள் வீட்டிலும் அவ்வாறே நேர்ந்தது, சில ஆண்டுகள் பிந்தி.

கதை நிகழுமிடம் ஸ்குவாஹேமிஷ் என்னுங் கற்பனைச் சிற்றூர். அங்கே ஒரு சிறிய புகையிரத நிலையம். நிலைய அதிபர் ஒரு சீனர். தம் நாட்டில் பொறியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆயினும் ஆங்கிலம் நாவில் சரளமாக வராத குறையால் பதவியுயர்வு கிட்டாமல் அச்சிற்றூரிலேயே தங்கிவிட்டார். மனைவி இறந்த துயரம் வேறு. பழைய திரைப்படங்களைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலம் பயில்வதே அவர் பொழுதுபோக்கு. சமிக்ஞை கொடுக்கும் வேலையை மகள் எல்லி சூ பார்த்துக்கொள்கின்றாள். பாடசாலைக்குச் சைக்கிளிற் செல்லுகையில், அவளது குடும்பப் பெயரையும் புகையிரதத்தின் ஓசையையும் இணைத்துப் பையன்கள் கேலி பேசுவர். அவளோ கெட்டிக்காரி. வகுப்பிலுள்ளார் பலருக்குங் கட்டுரை எழுதிக்கொடுத்துக் காசு வாங்குகின்றாள். அந்தக் காசிலேதான் வீட்டு மின்கட்டணம் செலுத்தப்படுகின்றது. இவ்வூழல் ஆசிரியைக்குத் தெரியும். தெரிந்தும் வாளாவிருக்கின்றாள். ஒரே பிள்ளை எழுதிய ஆறு கட்டுரைகள் ஆறு விதமாய் அமைந்திருக்குமாயின், எந்த ஆசிரியைக்குத்தான் உள்ளூரப் பெருமையாயிராது?

இத்தகையவளிடம் போல் மன்ஸ்கி என்னும் உதைபந்தாட்டக்காரப் பையன் வருகின்றான். நல்லவன், நாவன்மைதான் இல்லை. ஆஸ்டர் புளோரஸ் என்னும் பெண்ணின்மேல் அவனுக்குக் காதல். காதற்கடிதம் ஒன்று எழுதித் தரவேண்டும், கூலி தருகின்றேன் என்கின்றான். எல்லி முதலில் மறுக்கின்றாள். மின்சாரத்தை வெட்டிவிடுவோம் என்று அறிவித்தல் வரவே, ஒரேயொரு கடிதமென்று ஒப்புக்கொள்கின்றாள். ஒன்று இரண்டாகி, இரண்டு பலவாகின்றது. அவ்வாஸ்டரை எல்லியும் நெடுநாளாக மனத்தினுள் வைத்திருந்தாள் என்பது பையனுக்குத் தெரியாது. கடிதத்தில் உருகுவது எவருடைய நெஞ்சமென்று ஆஸ்டருக்குந் தெரியாது. ஆஸ்டரின் தந்தை தேவாலயத்தில் ஊழியஞ் செய்பவர். ஊரிலே பணக்கார வீட்டுப் பையனொருவனோடு அவளுக்குத் திருமணம் என்ற பேச்சும் உண்டு. இவ்வளவு முடிச்சையும் போட்டுவிட்டு, அலிஸ் வூ நம்மைச் சிரிக்க வைக்கின்றார். போல் நேரிற் சென்று ஆஸ்டரின் எதிரே அமர்ந்து வாய் திறவாமல் விழிக்குங் காட்சியில், இளையவள் சிரித்த சிரிப்பில் அவள் மடியிலிருந்த கச்சான் கொட்டைகள் தரையெல்லாஞ் சிதறின.

பிறனுக்காகக் கடிதமெழுதி, எழுதியவனே காதலில் வீழும் இக்கதை புதிதன்று. எட்மண்ட் ரொஸ்டாண்ட் என்னும் பிரெஞ்சு நாடகாசிரியர் 1897இல் அரங்கேற்றிய 'சிரானோ டி பெர்ஜெராக்' நாடகத்தின் கதை அதுதான். அங்கே எழுதுபவன் நீண்ட மூக்குடைய வீரன். இங்கே நிலைய அதிபரின் மகள்.

எனக்கோ அப்படத்தைக் காணுங்கால் எங்கள் தோட்டத்து லயமே நினைவுக்கு வந்தது. எழுத்தறிந்த பிள்ளைக்கு அந்நாளில் லயத்தில் இருந்த மதிப்பே தனி. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. தங்கியவர்களும் போனவர்களும் கடிதங்களாலேயே உறவாடினர். பத்து வயதில் நான் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்! "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி அவர்கள் சொல்வதை எழுதுவேன். அவர்களுக்குச் சொல் தடைப்படும்போது என் சொல்லைப் போட்டு நிரப்புவேன். திரும்ப வாசித்துக் காட்டும்போது அந்த அம்மாக்கள் அழுவர். அழுதது அவர்கள் சொல்லுக்கா, என் சொல்லுக்கா? எல்லிக்கு நேர்ந்த இக்கட்டு அதுவேயாம். கூலிக்கு எழுதுபவரின் உள்ளமுங் கடிதத்தினுள் எப்படியோ புகுந்துகொள்ளும்.

இனி, ஒரு பெண் மற்றொரு பெண்மீது காதல் கொள்வதாகிய இச்செய்தி, மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்தது போலச் சிலர் பேசுவர். படத்தின் தொடக்கத்திலேயே எல்லி கூறும் கிரேக்கக் கதையைப் பாருங்கள். பிளேட்டோவின் 'சிம்போசியம்' என்னும் நூலில் அரிஸ்டோபனிஸ் சொல்வதாக வருவது அது. ஆதியில் மனிதர்க்கு நான்கு கைகளும் நான்கு கால்களும் இரு முகங்களும் இருந்தனவாம். அவர்தம் வலிமைக்கு அஞ்சிய சீயஸ் தேவன் ஒவ்வொருவரையும் இரு கூறாகப் பிளந்தானாம். அன்றுமுதல் ஒரு பாதி மறுபாதியைத் தேடித் திரிகின்றதாம். முழு உருக்களில் ஆணும் பெண்ணுமாய் இருந்தவை ஒரு வகை. இரு புறமும் ஆணாயிருந்தவை ஒரு வகை. இரு புறமும் பெண்ணாயிருந்தவை மற்றொரு வகை. ஆகவே பெண்ணைத் தேடும் பெண்ணும் அக்கதையினுள் ஆதியிலேயே இருக்கின்றாள். பிளேட்டோவின் காலம் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டு. கிரேக்கரின் தேவன் பிளந்தான். நம்மவர் இரு பாதிகளைச் சேர்த்து வைத்து அர்த்தநாரீசுவரர் என்று கும்பிட்டனர். இஃது இடையிலே தோன்றிய எண்ணம், அவ்வளவே.

ஷேக்ஸ்பியரும் இவ்விளையாட்டை விட்டாரல்லர். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் வயோலா என்பவள் ஆண்வேடம் பூண்டு, செசாரியோ என்ற பெயருடன், தன் எசமானனுக்காக ஒலிவியா சீமாட்டியிடம் காதல் தூது செல்கின்றாள். சீமாட்டியோ எசமானனை விட்டுத் தூது வந்தவளையே காதலிக்கின்றாள். 1602ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் இலண்டனிலே சட்டம் பயில்வோர் மண்டபமொன்றில் இந்நாடகம் நடைபெற்றமைக்குக் குறிப்பு உண்டு. பெண் வேடங்களைப் பையன்களே நடித்த காலம் அது. நம் நாட்டுப் பெண்கள் பாடசாலைகளிலோ நிலை மறுதலை. ஆண் வேடங்களையும் மாணவியரே கரிமீசை தீட்டி நடிப்பர். அந்தக் கரிமீசையைப் பற்றி எனக்கொரு கதையுண்டு. சற்றுப் பொறுத்துச் சொல்கின்றேன்.

முதலிற் சொல்லவேண்டியது வேறொன்று. பாடசாலைப் பெண்கள் இருவரின் நெருக்கத்தைக் கூறும் படைப்புகளில் பேர் பெற்றவை சிலவற்றின் முடிவைப் பாருங்கள். மலையாளத்திற் பத்மராஜன் 1986இல் 'தேசாடனக்கிளி கரயாறில்ல' என்ற படத்தை எடுத்தார். நிம்மி, சாலி என்ற இரு மாணவியர் பாடசாலைச் சுற்றுலாவிலிருந்து ஓடிப்போகின்றனர். அவர்களிடையே உள்ளது காதலென்று படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. நட்பென்று சொல்லி முடித்துவிடவும் நம்மை விடுவதில்லை. பெரியவர்களின் கண்டிப்புக்கும் ஏமாற்றத்துக்கும் நடுவே சிக்கி, ஈற்றில் இருவரும் பிணமாகக் கிடக்கின்றனர். மிக நல்ல படம். நெஞ்சை உலுக்கும் படம். ஆயின், தன் மனத்தில் என்ன நிகழ்கின்றதென்று தனக்கே விளங்காத பதினாறு வயதுப் பெண்ணொருத்தி இதனைத் தனியே பார்த்தால், தன் கதைக்கும் இதுவே முடிவென்றல்லவா எண்ணுவாள்? வேறு கதை அவளுக்குக் கிடைக்கவில்லையே.

நகைச்சுவைக் கதையின் முதல் நிபந்தனை, ஈற்றிலே அனைவரும் உயிரோடிருத்தல். 1998இல் வெளிவந்த சுவீடன் நாட்டுப் படமொன்றில், ஓமோல் என்னுஞ் சிற்றூரின் மாணவியர் இருவர், பாடசாலை முழுவதுங் கூடி நின்று வேடிக்கை பார்க்க, கைகோத்து வெளியே நடந்துவிடுகின்றனர். கடைசிக் காட்சியில் அவர்கள் செய்வதெல்லாம் பாலிற் சொக்லேட்டைக் கலக்கிக் குடிப்பதுதான். அலிஸ் வூவின் படத்திலும் எவருஞ் சாவதில்லை. எல்லிக்கு ஆஸ்டர் கிடைத்தாளென்றுஞ் சொல்வதற்கில்லை. தேவாலயத்தில் உண்மை வெளிப்பட்டுப் பெருங்குழப்பம் நேர்கின்றது. கன்னத்தில் ஓர் அறையும் விழுகின்றது. பின்பு எல்லி கல்லூரிப் படிப்புக்காக ஊரைவிட்டுப் புறப்படுகின்றாள். முன்னொரு நாள், ஓடும் புகையிரதத்தின் பின்னே ஒருவன் ஓடும் சினிமாக் காட்சியைப் பார்த்து இதைவிட மடமை உண்டோ என்று நகைத்தவள் அவள். இன்று அவள் ஏறிய வண்டியின் பின்னே போல் மன்ஸ்கி ஓடுகின்றான். சிரித்துக்கொண்டே அவள் கண்ணீரைத் துடைக்கின்றாள்.

இப்படத்தில் எனக்குக் குறையும் உண்டு. பணக்காரப் பையன் வெறுங் கேலிச்சித்திரம். ஆஸ்டரின் உள்ளம் இன்னுஞ் சற்றுத் திறந்து காட்டப்பட்டிருக்கலாம். ஆனால் போல் மன்ஸ்கி ஒருவனுக்காகவே குறைகளையெல்லாம் மன்னித்துவிட்டேன். எல்லியின் மனநிலை தெரிந்தவுடன், அது பாவம், நரகத்துக்குரியது என்று அவனும் தான் கேட்டு வளர்ந்ததையே சொல்லி விலகுகின்றான். அந்தப் பையன்தான், சில நாள் கழித்து, ஊர் கூடிய தேவாலயத்தில் எழுந்து நின்று, அன்பு செய்ய ஒரே வழிதான் உண்டென்று தான் எண்ணியது பிழை என்று தட்டுத் தடுமாறிச் சொல்கின்றான். அவளுடைய இரகசியத்தை அவன் வெளியிடவில்லை. அவள் பக்கம் நிற்கின்றான். நம் அகப்பொருள் இலக்கணத்தில் இதற்கு அழகான பெயர் உண்டு: அறத்தொடு நிற்றல். தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்குந் தமையன்மார்க்கும் உரிய முறையில் உணர்த்துவதையே அவ்வாறு கூறினர். காதலை வெளிப்படுத்தும் செயலுக்குக் கோள் சொல்லுதல் என்று அவர்கள் பெயரிடவில்லை. அறத்தோடு நிற்பது என்றனர். இதனை எத்தனையோ வகுப்புகளுக்குக் கற்பித்திருக்கின்றேன். பரீட்சையில் வரக்கூடிய வினா என்று அடிக்கோடும் இடச் செய்திருக்கின்றேன்.

கரிமீசைக் கதை இதுதான்.

1996ஆம் ஆண்டு. கண்டி வட்டாரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் நான் தமிழாசிரியை. ஆங்கில தின விழாவுக்கு 'பன்னிரண்டாம் இரவி'லிருந்து சில காட்சிகள் ஆயத்தமாயின. மேற்பார்வைக்கு என்னையும் போட்டிருந்தனர். செசாரியோவாக நடித்தவள் உயர்தர வகுப்பு மாணவி. ஒலிவியாவாக நடித்தவளும் அதே வகுப்பு. ஒத்திகை முடிந்தும் இருவரும் பிரிய மனமின்றி நிற்பதை எல்லாருங் கண்டோம், கேலியாகச் சிரித்தோம். ஒரு நாள் திருத்தவேண்டிய கொப்பிகளின் நடுவில் ஒரு மடித்த தாள் அகப்பட்டது. "அன்புள்ள செசாரியோ" என்று தொடங்கிற்று. அதில் இருந்ததெல்லாம் இவ்வளவே: உன் மீசையைத் துடைக்க வேண்டாம், எனக்குப் பிடித்திருக்கின்றது, நீ இல்லாத பாடவேளைகள் நீளமாக இருக்கின்றன, மழை விட்டதும் பஸ் தரிப்பிடத்தில் நில், மரவாதே.

'மறவாதே' என்பதை இடையின 'ர'வில் எழுதியிருந்தாள். என் கை தானாகவே சிவப்புப் பேனையை எடுத்தது. அவ்வெழுத்தை வட்டமிட்டு, மேலே 'ற' என்று எழுதினேன். தாளில் மூன்று பிழைகள், மூன்றையுந் திருத்தினேன். அதன்பின் எழுந்து சென்று தாளை அதிபரிடம் ஒப்படைத்தேன்.

அன்று எனக்கிருந்தது அச்சம். என்னத்துக்கு அஞ்சினேனென்று இன்று கேட்டால் தெளிவாக விடையில்லை. சட்டத்துக்கென்றும் சொல்ல முடியாது. அதைப்பற்றி அன்று நான் அறிந்தேனல்லள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஆண்களுக்கிடையிலான செயல்களையே குற்றமெனக் கூறிற்று. 1995இல் அதன் 365அ பிரிவைத் திருத்தியபோது, 'ஆண்' என்றிருந்ததை 'ஆள்' என்று மாற்றினர். அத்தோடு பெண்களும் அதனுள் அகப்பட்டனர். சமத்துவம் எந்த வாசல் வழியாக நுழைந்தது பாருங்கள். அக்குற்றத்தை நீக்கும் தனியார் மசோதா 2023இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அஃது அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றமுந் தீர்மானித்தது. ஆயினும் 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்படும்வரை அது சட்டமாகவில்லை. எவ்வாறாயினும், மழை விட்டபின் பஸ் தரிப்பிடத்தில் நில் என்று எழுதுவதை எந்தச் சட்டமுங் குற்றமென்று சொன்னதில்லை. அதைக் குற்றமாக்கியது நானும் என்போன்றோருமே.

இரு வீட்டாரும் அழைக்கப்பட்டனர். நாடகம் நிறுத்தப்பட்டது. ஒலிவியாவின் தந்தையார் ஒரு சொல்லும் பேசாமல் மகளைக் கூட்டிச் சென்றார். அவள் பின்னர் அப்பாடசாலைக்கு வரவேயில்லை. உயர்தரப் பரீட்சை எழுதினாளோ, அதுவுந் தெரியவில்லை. செசாரியோ எழுதினாள், ஒரு வருடம் முழுவதும் வகுப்பில் எவருடனும் பேசாமல் எழுதினாள். அறத்தொடு நிற்றல் என்னும் பாடத்தை அவ்வாண்டும் நான் கற்பித்தேன். அவள் முன்வரிசையில் அமர்ந்து அடிக்கோடிட்டாள்.

என் தங்கையின் மகளுக்கு நான் சொல்லவேண்டிய விடை இதிலிருந்தே பிறக்கின்றது. பிள்ளைகள் பார்க்கக்கூடிய படமா என்றால், நாமும் பக்கத்திலிருந்து பார்க்கக்கூடிய படந்தான். படத்தைப் பார்த்ததனால் எந்தப் பெண்ணின் மனமும் புதிதாய் மாறிவிடாது; நானும் இரண்டு முறை பார்த்தேன், என் மனத்தில் மின்கட்டணத்தைப் பற்றிய கவலைதான் கூடிற்று. ஆனால் அந்தக் கூடத்தில் இருக்கும் பிள்ளைகளுள் ஒருத்தி வேறொன்றை உற்றுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். அவள் பார்ப்பது திரையையன்று, தாயின் முகத்தை. எந்த இடத்தில் அம்மா சிரிக்கின்றாள், எந்த இடத்தில் எழுந்து போகின்றாள் என்பதை அவள் கணக்கெடுத்து வைத்துக்கொள்வாள். எந்த வீட்டில் அத்தகைய பிள்ளை இருக்கின்றாளென்று எவருக்குந் தெரியாதாகையால், எல்லா வீட்டிலும் இருக்கின்றாளென்றே கொள்வது நன்று.

இன்னும் ஒன்று சொல்ல மிகுந்திருக்கின்றது. 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் மாத்தளைக்குப் போவதற்காக வத்தேகம புகையிரத நிலையத்தில் காத்திருந்தேன். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் பாதை போட்ட நாளிலிருந்து இவ்வூர் வழியாகத்தான் வண்டி போயிற்று; நிலையமோ நம் வீட்டு முற்றம் போன்றது. வாங்கிலில் என் அருகே வந்தமர்ந்த பெண்ணுக்கு நாற்பதைக் கடந்த வயது. தலையில் இரண்டொரு நரை.

"டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றாள்.

மீசை இல்லை, ஆயினும் தெரிந்தது. வாய் உலர்ந்து போயிற்று. மன்னிப்புக் கேட்கவேண்டுமென்று எத்தனையோ ஆண்டுகளாக ஒத்திகை பார்த்த வாசகங்களுள் ஒன்றும் வரவில்லை. போல் மன்ஸ்கியைப் போல விழித்தேன்.

அவளே தொடர்ந்தாள். கொழும்பிலே வேலையென்றும், தாயாரைப் பார்க்க வந்ததாகவும் சொன்னாள். பிறகு சற்றே சிரித்து, "அந்தக் கடிதத்தை அதிபர் எங்க அப்பாகிட்டக் குடுத்தாங்க டீச்சர். அப்பா கிழிச்சுப் போடல்ல, பெட்டியில வச்சிட்டாரு. அவர் செத்தப்புறம் எனக்குக் கிடைச்சிச்சு. சிவப்புப் பேனையில திருத்தியிருந்தீங்களே, அதப் பார்த்து ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்றாள்.

"ரெண்டு பேருமா?"

"அவ மாத்தளையிலதான் இருக்கா. இப்ப அங்கதான் போறேன்." கைத்தொலைபேசியைத் திறந்து, அன்று காலை வந்த செய்தியை என் முன்னே நீட்டினாள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தேன். சோறும் கத்தரிக்காய்க் கறியும் ஆக்கி வைத்திருப்பதாகவும், வரும்போது நிலையத்துக்கு வெளியே மாம்பழம் வாங்கிவரும்படியும் எழுதியிருந்தது. ஈற்றிலே ஒரு சொல்: மரவாதே.

"இன்னும் அந்த 'ர' தான்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் திருத்தாதீங்க டீச்சர்" என்றாள் அவள்.

வண்டி வந்தது. நெரிசலில் எனக்கு முன்பாக ஏறி, ஜன்னலோரத்தில் ஓரிடம் பிடித்து, என்னைக் கூப்பிட்டு அமரச் செய்துவிட்டு, உக்குவளைவரை நின்றுகொண்டே வந்தாள்.